பாரிசவாதத்துக்குப் பிறகு இசை: காது காலை நடத்துவது எப்படி?

வீட்டில் ஒருவருக்குப் பாரிசவாதம், அதாவது ஸ்ட்ரோக், வந்துவிட்டால் ஆளுக்கொரு யோசனை வந்து சேரும். ஒருவர் எண்ணெய் சொல்வார், இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து ஏதோ மாத்திரை சொல்வார். அண்மைக் காலமாக இந்த யோசனைகளோடு இசையும் சேர்ந்திருக்கிறது. குறிப்பிட்ட ராகம் ஒன்றைத் தினமும் காலையில் கேட்டால் விழுந்த கை எழும்பும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அதை நம்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் போனை வைத்து நாள் முழுக்கப் பாட்டு ஓடவிடுகிற வீடுகள் கொழும்பில் உண்டு. மறுபக்கம், "பாட்டுக் கேட்டால் கால் வருமோ, சும்மா இருங்கோ" என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

இரண்டு தரப்பும் விஷயத்தைத் தவறவிடுகின்றன. நடையையும் கையையும் மீட்பதில் இசைக்கு இடம் உண்டு. அதைப் பற்றிய முறையான ஆய்வுகள் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் அங்கே பெரும்பாலான வேலையைச் செய்வது தாளம். அதுவும் நோயாளி தாளத்தோடு சேர்ந்து தானே அசைந்தால்தான் அந்த வேலை நடக்கும். ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## கையில் பிழை இல்லை

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று அடைபடலாம், அல்லது வெடிக்கலாம். இரண்டிலும் அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதிக்கு ஒட்சிசன் கிடைக்காமல் போகிறது. கலங்கள் சில நிமிடங்களிலேயே இறக்கத் தொடங்கும். இடப்பக்க மூளை வலப்பக்க உடம்பையும், வலப்பக்க மூளை இடப்பக்க உடம்பையும் இயக்குகின்றன. அதனால்தான் ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து விழுகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விழுந்த கையின் தசைக்கோ எலும்புக்கோ எதுவும் ஆகவில்லை. "தூக்கு" என்ற கட்டளை புறப்படுகிற இடமும், அது போகிற பாதையும்தான் சேதப்பட்டிருக்கின்றன. கையை மட்டும் தேய்த்துக்கொண்டிருப்பதால் அந்தக் கட்டளை திரும்பி வராது.

இதில் எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால், உடனே, இலங்கையில் என்றால், 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு எடுப்பதில்லை. அடைப்பினால் வந்த பாரிசவாதம் என்றால், கட்டியைக் கரைக்கிற மருந்தை வழக்கமாக முதல் நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். படுத்து எழும்பினால் சரியாகிவிடும் என்று காத்திருந்து இழந்த நேரத்தை எந்தச் சிகிச்சையும் திருப்பித் தராது.

## மூளை வேறு வழி பிடிக்கிறது

இறந்த கலங்கள் திரும்பி வருவதில்லை. அப்படியென்றால் மூன்று மாதம் கழித்து ஒருவர் எழும்பி நடக்கிறாரே, அது எப்படி?

கொழும்பில் காலி வீதி பம்பலப்பிட்டியில் அடைபட்டால் வாகனங்கள் பக்கத்தில் கடலோரமாகப் போகிற மரைன் டிரைவுக்கு இறங்குகின்றன. முதலில் தடுமாற்றம், நெரிசல். போகப் போக அந்த வழி பழகிவிடும். மூளையிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. சேதப்பட்ட இடத்தைச் சுற்றியிருக்கிற கலங்களும், சில வேளை எதிர்ப்பக்க மூளையும், பழைய வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கின்றன. பயன்பாட்டுக்கேற்பத் தன் இணைப்புகளை மாற்றிக்கொள்கிற இந்தத் திறனை மூளை நெகிழ்வு என்கிறார்கள். முதல் மூன்று மாதங்களில் அது மிக வேகமாக நடக்கும். அதற்குப் பிறகும் நின்றுவிடுவதில்லை. ஆறு மாதம் தாண்டினால் இனி ஒன்றும் இல்லை என்று சொல்வது சரியில்லை.

ஆனால் போக்குவரத்து இல்லாத வழி பழகாது. அசைவைத் திரும்பத் திரும்ப, நோயாளியே முயன்று செய்ய வேண்டும். மற்றவர் கையைப் பிடித்து ஆட்டிவிடுவது மூட்டு இறுகாமல் இருக்க உதவும். புது இணைப்புக்கு அது மட்டும் போதாது. வட அமெரிக்காவின் சிகிச்சை நிலையங்களில் நடந்த பயிற்சிகளைப் பக்கத்தில் இருந்து எண்ணி 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு அமர்வில் நோயாளி பாதிக்கப்பட்ட கையால் பயனுள்ள அசைவு ஒன்றைச் செய்தது சராசரியாக 32 தடவைதான். விலங்குகளில் மூளை மாற்றத்தைக் காட்டிய பரிசோதனைகளில் இந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் மறுவாழ்வுச் சிகிச்சையின் பெரிய தலைவலி. ஒரே அசைவை நூறு தடவை செய்யச் சொன்னால் யாருக்கும் அலுத்துப்போகும்.

சுருக்கமாக: சேதம் மூளையில். மீட்சி, மூளை புது இணைப்பு போடுவதால் வருகிறது. புது இணைப்புக்கு நிறையத் தடவை, சரியாகச் செய்த அசைவு வேண்டும்.

## தாளம் எங்கே நுழைகிறது

ஆடிவேல் ஊர்வலம் வரும்போது வீதியோரம் நிற்கிறவர்களின் கால்களைப் பாருங்கள். யாரும் சொல்லாமலே தவிலுக்கு ஏற்றபடி குதிக்கால் தட்டிக்கொண்டிருக்கும். கதைத்துக்கொண்டு நிற்பவருக்குத் தன் கால் அசைவது தெரியக்கூடத் தெரியாது.

காதுக்கும் அசைவுக்கும் மூளைக்குள் நேரடித் தொடர்பு இருப்பதால்தான் இப்படி நடக்கிறது. ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்திருக்கிறவருக்குச் சீரான தாளம் ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கேட்கிற பகுதியோடு நிற்காமல், அசைவைத் திட்டமிடுகிற பகுதிகளும் நேரத்தைக் கணக்கிடுகிற சிறுமூளையும் சேர்ந்தே வேலை செய்யத் தொடங்குகின்றன. விளக்கு மின்னுவதைப் பார்த்துக் கை தட்டுவதைவிட, ஓசையைக் கேட்டுக் கை தட்டும்போது நாம் நேரம் பிசகாமல் தட்டுகிறோம். வெளியிலிருந்து வருகிற தாளத்தோடு உடம்பின் அசைவு தானாகப் பூட்டிக்கொள்வதைத் தாள ஒத்திசைவு என்று சொல்லலாம்.

இதிலே பலரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. தட்டு கேட்ட பிறகு கால் வைக்கிறோம் என்றுதான் நினைப்போம். அப்படியானால் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் பிந்தியே விழ வேண்டும். ஆனால் விழுவதில்லை. இரண்டு மூன்று தட்டுக் கேட்டதுமே அடுத்தது எப்போது வரும் என்று மூளைக்குத் தெரிந்துவிடுகிறது. பாதம் நிலத்தைத் தொட வேண்டிய கணம் முன்கூட்டியே தெரிவதால், அதற்கு முந்திய இடைவெளி முழுவதையும் திட்டமிட முடிகிறது. எப்போது முழங்காலை மடக்குவது, எப்போது பாதத்தை உயர்த்துவது, எப்போது பாரத்தை மாற்றுவது என்று எல்லாம் அந்த இடைவெளிக்குள் ஒழுங்காகிவிடும். காலத்தின் அளவை மூளைக்கு வெளியிலிருந்து கொடுப்பதுதான் தாளம் செய்கிற உதவி. பாரிசவாதம் அந்த அளவைத்தான் பெரும்பாலும் குழப்பிவிடுகிறது.

பாதிக்கப்பட்டவரின் நடையை உற்றுக் கவனித்தால் இது விளங்கும். எனக்குத் தெரிந்த ஒரு மாமி வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். அவர் கொரிடோரில் நடந்து பழகியபோது மாபிள் தரையில் கேட்கும் சத்தமே வேறு. நல்ல கால் 'டக்' என்று விழும். அதில் நெடுநேரம் நிற்பார். அப்புறம் மற்றக் கால் பக்கவாட்டால் வட்டம் போட்டு, 'சர்ர்' என்று தரையை உரசிக்கொண்டு வரும். வந்ததும் வராததுமாக மறுபடி நல்ல காலுக்குத் தாவிவிடுவார். நீளம், குட்டை, நீளம், குட்டை என்றுதான் அடிகள் விழும். அவருக்கு வாய்த்த பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி சிங்களப் பிள்ளை. "எக்காய், தெக்காய்", அதாவது ஒன்று, இரண்டு, என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு, தொடையில் தட்டியபடி பின்னுக்கு நடப்பார். மாமிக்குச் சிங்களம் அவ்வளவு வராது. அது தேவைப்படவும் இல்லை. கொரிடோரின் பாதியைத் தாண்டும்போது உரசல் குறைந்து, இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் நிலத்தில் நிற்கும்.

இசைச் சிகிச்சை என்று பெரிய பெயர் வைக்காமலே நல்ல பிசியோதெரபிஸ்டுகள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

## நடைக்கு: தாளத்தை எப்படிக் கொடுக்கிறார்கள்

இதை முறையான சிகிச்சையாக வகுத்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் தௌட். 1990களில் அமெரிக்காவின் கொலராடோ அரச பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் பாரிசவாத நோயாளிகளைத் தாளத்தோடு நடக்கவைத்து அளந்தார்கள். 2007இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 78 பேர் இருந்தார்கள். எல்லாரும் கைப்பிடி உதவியோடு சில அடி வைக்கத் தொடங்கியிருந்தவர்கள். மூன்று வாரப் பயிற்சியில் ஒரு குழுவுக்கு வழமையான முறை, மற்றதுக்குத் தாளத்தோடு நடை. முடிவில் வேகத்திலும் அடியின் நீளத்திலும் இரண்டு காலின் சமநிலையிலும் தாளக் குழு முன்னுக்கு நின்றது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பு, பாரிசவாதம் உட்பட மூளைப் பாதிப்புகளுக்குப் பிறகு இசையைப் பயன்படுத்திய 29 பரிசோதனைகளை, மொத்தம் 775 பேரை, 2017இல் ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. பாரிசவாதத்துக்குப் பிறகு நடைக்கு இசை உதவக்கூடும் என்பதுதான் அவர்களுடைய கணிப்பு. 'உதவக்கூடும்' என்ற அளவான சொல்லை நாமும் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. அற்புதம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

செய்முறை எளிது. முதலில் நோயாளி தன்னிச்சையாக நடக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுவார்கள். 30 செக்கனுக்கு எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். 50 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோனோமை, அதாவது சீராகத் தட்டுகிற கருவியை, அதே 50இல் வைப்பார்கள். இப்போது போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பலரும் பிழைவிடுகிற இடம் இதுதான்: நோயாளியின் வேகத்துக்குத் தாளம் முதலில் இறங்கி வர வேண்டும். அந்த வேகத்தில் நடை சீரானதும் ஐந்து வீதம் அளவில் கூட்டலாம், 50 என்பது 52 அல்லது 53 ஆகும். அதுவும் பழகினால் இன்னும் கொஞ்சம்.

நோயில்லாத ஒருவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி வைத்து நடப்பார். பல பாட்டுகளின் வேகமும் அந்த அளவில்தான் இருக்கும். 50 அடி வைக்கிறவருக்கு 100 தட்டுள்ள பாட்டைப் போட்டு, இரண்டு தட்டுக்கு ஓர் அடி என்று நடக்கவைக்கலாம்.

எந்தப் பாட்டு என்று கேட்பார்கள். கால் இரண்டு, அதனால் இரண்டாகவும் நான்காகவும் எண்ணுகிற பாட்டு நடைக்குப் பொருந்தும். எட்டாக எண்ணுகிற ஆதி தாளத்தில் அமைந்த பாட்டுகள் இதற்கு நன்றாக வரும். மூன்று மூன்றாக எண்ணுகிற பாட்டில் அழுத்தமான முதல் தட்டு ஒரு தரம் வலக் காலுக்கும் அடுத்த தரம் இடக் காலுக்கும் விழும். நமக்குப் பிரச்சினை இல்லை, தடுமாறுகிறவருக்குக் குழப்பம். ஏழாக எண்ணுகிற மிஸ்ர சாபு வேண்டவே வேண்டாம். ஆலாபனையில் தட்டே இல்லை. அதை ஓய்வு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆட்டப் பாட்டான பைலாவுக்குக் கால் தானாக எழும்பும் என்பது உண்மைதான், ஆனால் அதன் வேகம் தொடக்க நிலையில் இருப்பவரை விழுத்திவிடும். கதிரையில் இருந்தபடி கால் தட்டுவதற்கு அது நல்லது.

சுருக்கமாக: தாளம் நோயாளியின் வேகத்தில் தொடங்க வேண்டும். தட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். இரட்டை எண்ணிக்கை வேண்டும். ராகத்தின் பெயர் நடையில் எதையும் மாற்றுவதில்லை. நோயாளிக்குப் பிடித்த பாட்டாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் கூட நடப்பார். அதுவும் பெரிய காரியம்.

## கைக்கு: தானே ஓசை எழுப்புவது

கைக்கு முறை கொஞ்சம் வேறு. ஜெர்மனியில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், கருவி வாசிக்கத் தெரியாத நோயாளிகளை மின்கீபோர்டின் முன்னாலும் தட்டினால் ஒலிக்கிற மின் முரசுத் தட்டுகளின் முன்னாலும் இருத்தினார்கள். விரல் நுணுக்கத்துக்குக் கீபோர்டு, தோளையும் முழங்கையையும் அசைக்க முரசு. கீபோர்டில் எட்டுச் சுரங்கள் மட்டும். ஒரு சுரத்தில் தொடங்கி, எளிய மெட்டு வரை போவார்கள். மூன்று வாரத்தில் 15 அமர்வுகள். வழமையான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுடைய கை வேகமாகவும் துல்லியமாகவும் அசைந்தது.

இங்கே வேலை செய்வது என்ன? பாரிசவாதம் பல வேளைகளில் அசைவோடு உணர்வையும் எடுத்துவிடுகிறது. விரல் அழுத்தியதா, எவ்வளவு அழுத்தியது என்று கைக்கே தெரியாது. கீபோர்டில் அழுத்தினால் உடனே ஓசை வருகிறது. மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஓசை, பிழையான கட்டையில் பட்டால் பிழையான சுரம். கை சொல்ல வேண்டிய செய்தியைக் காது சொல்லிவிடுகிறது. இதைத்தான் ஒலிப் பின்னூட்டம் என்கிறோம். மெட்டு முடிய வேண்டும் என்ற ஆசையில் ஒரே அசைவை எத்தனையோ தடவை செய்துவிடுவார்கள். முன்னே சொன்ன 32 என்ற எண்ணை நினைத்துப் பாருங்கள்.

சங்கீதம் பழகிய பெரியவர்கள் இருக்கிற வீட்டில் எனக்கு ஒரு யோசனை தோன்றும். ஆதி தாளம் போடுவதைக் கவனியுங்கள். ஒரு தட்டு, அப்புறம் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று ஒவ்வொன்றாக எண்ணுவது, பிறகு தட்டும் வீச்சும் இரண்டு தரம். விரல்களைத் தனித்தனியே அசைப்பதும், மணிக்கட்டைத் திருப்பி உள்ளங்கையை மேலே கொண்டுவருவதும் அதற்குள் இருக்கின்றன. பாரிசவாதத்துக்குப் பிறகு திரும்பி வர மிகவும் பிந்துகிற அசைவுகள் இவைதான். விரல் கொஞ்சமாவது அசையத் தொடங்கியவருக்கு, பிசியோதெரபிஸ்டைக் கேட்டுக்கொண்டு, பாதிக்கப்பட்ட கையாலேயே தாளம் போடவைத்துப் பார்க்கலாம். கீபோர்டு வாங்க வசதி இல்லாத வீட்டில் சில்வர் தட்டும் மரக் கரண்டியும் முரசின் வேலையைச் செய்யும்.

## சும்மா கேட்டால் பயனே இல்லையா?

உண்டு. ஆனால் அது வேறு இடத்தில் வேலை செய்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பாரிசவாதம் வந்த 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைத் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளையும், ஒரு குழுவை ஒலிப்புத்தகங்களையும் தினமும் குறைந்தது ஒரு மணித்தியாலம் கேட்கவைத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. இது இரண்டு மாதம் நடந்தது. 2008இல் வெளியான முடிவின்படி, பாட்டுக் கேட்டவர்களுடைய சொல் ஞாபகமும் கவனமும் மற்றக் குழுக்களைவிட நன்றாகத் தேறின. மனச்சோர்வும் எதுவும் கேட்காதவர்களைவிடக் குறைவாக இருந்தது.

பாரிசவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு மிகச் சாதாரணமாக வருவது. சோர்ந்துபோனவர் பயிற்சிக்கு எழும்ப மாட்டார். அந்த வழியால் பார்த்தால் கேட்பதும் மீட்சிக்கு உதவுகிறது. ஆனால் விழுந்த கையைத் தூக்கிவிடுவது அதன் வேலை அல்ல. பிடித்த பாட்டைப் போட்டு, முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். நாள் முழுக்க ஓடுகிற சத்தம் களைத்த மூளையை இன்னும் களைக்கவைக்கும்.

பேச்சு போனவர்களிடம் இன்னொன்றைப் பார்க்கலாம். 'தண்ணி' என்று கேட்க வராதவருக்குப் பழகிய தேவாரம் ஒன்று சொற்களோடு வந்துவிடும். பேச்சு பெரும்பாலும் இடப்பக்க மூளையை நம்பியிருக்கிறது, பாடுவதில் வலப்பக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு. இதை வைத்து 1973இல் அமெரிக்காவின் பொஸ்டனில் ராகமிழுத்துப் பேசப் பழக்குகிற முறை ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். அது பேச்சுச் சிகிச்சையாளரின் துறை, இங்கே விரிவாகப் போகவில்லை.

## வீட்டில் தொடங்கும்போது

தனியாக நிற்க முடியாதவரைப் பாட்டை நம்பி எழுப்பக் கூடாது. எப்போது நடக்கலாம், எவ்வளவு தூரம் என்பதை வைத்தியரும் பிசியோதெரபிஸ்டும் சொல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் நேரம் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் கேள்வியைத் தயாராகக் கொண்டுபோங்கள்: "இவர் நிமிடத்துக்கு இத்தனை அடி வைக்கிறார், மெட்ரோனோம் வைத்து வீட்டில் நடக்கவைக்கலாமா, எந்த வேகத்தில்?" இப்படிக் கேட்டால் அவர்களும் உடனே பதில் சொல்வார்கள்.

நடக்கும்போது பாதிக்கப்பட்ட பக்கத்தில், அரை அடி பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு விலகிவிடும். வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம், குதிக்காலைப் பிடிக்கிற சப்பாத்துப் போடுங்கள். தரை துடைத்த ஈரம் காயட்டும். தாளம் ஸ்பீக்கரில் வரட்டும். இரண்டு காதிலும் ஹெட்போன் போட்டால் நீங்கள் "கவனம்" என்று சொல்வது கேட்காது. தலைசுற்றல், நெஞ்சு நோவு, புதிதாக வலு குறைவது போன்ற எது வந்தாலும் உடனே நிறுத்தி இருத்துங்கள். தாளத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவசரப்படுகிறார் என்று கண்டால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை என்று பிரித்துச் செய்வது, ஒரேயடியாக முக்கால் மணித்தியாலம் நடக்கவைப்பதைவிட நல்லது.

கடைசிக் கட்டத்தில் தாளத்தை மெல்ல எடுத்துவிட வேண்டும். சந்தைக்குப் போகும்போது மெட்ரோனோம் கூட வராது அல்லவா. நடந்துகொண்டிருக்கும்போதே சத்தத்தை நிறுத்திவிட்டு, நடை தொடர்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் இருபது அடிக்குள் பழைய நீளமும் குட்டையும் திரும்பிவிடும். மறுபடி தாளத்தைப் போடுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு எத்தனை அடி சீராக விழுகின்றன என்பதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, அடுத்த கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். வேகத்தைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று முடிவெடுக்க அவர்களுக்கு அந்த எண் தேவைப்படும்.